முதல் படியில் அணைத்த கற்பூரம்

நம் தெருவில் அறுபதைத் தொட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சின்னவர்கள் படித்தால் கல்லுக்கும் கற்பூரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

போன தை மாதம் எங்கள் நைனா இறந்துபோன அன்று நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். நாற்காலி எடுத்துப் போட்டதிலிருந்து மாலை வாங்கி வந்தது வரை நீங்கள்தான் பார்த்துக்கொண்டீர்கள். அந்தக் கூட்டத்திலும் உங்களில் ஏழெட்டுப் பேர் என் காதோரம் வந்து ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "டிரான்ஸ்ஃபார்மர்கிட்ட ஒரு பெரியவரு காலையிலர்ந்து நின்னுகினே கீறாரே. உள்ள வா வான்னாலும் வர மாட்றாரு. யாரும்மா அது?"

தூரத்துச் சொந்தம் என்று சொல்லிவைத்தேன். பொய். அவர் என் அப்பாவின் கூடப்பிறந்த தம்பி. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றும் அவரைச் சின்னநைனா என்றும் கூப்பிடுவோம். ஐம்பது வருடமாக அவர் எங்கள் வாசல்படி மிதித்ததில்லை. அதற்குக் காரணம் நான். அப்போது எனக்குப் பத்து வயது.

நம் தெரு இருக்கும் இடம் அப்போது வேர்க்கடலைக் கொல்லை, நம் பேச்சில் கல்லக்காக் கொல்லை. நடுவில் ஒரு வரப்பு. வரப்புக்குத் தெற்கே நைனாவுடையது, வடக்கே சின்னநைனாவுடையது. வரப்பின் மேல் ஒரு புங்க மரம். வரப்பின் கிழக்கு முனையில், தார் ரோட்டை ஒட்டி, தலையில் அம்புக்குறி கொத்திய சர்வே கல் ஒன்று. அதைத் தாண்டினால் ரோடு. ரோட்டுக்கு மேலே மலை. கொல்லையில் எங்கே நின்றாலும் மலையும் படிக்கட்டும் கோபுரமும் தெரியும். தப்புச் செய்கிற பிள்ளைக்கு அதைவிடத் தொந்தரவு வேறில்லை.

அந்தச் சித்திரையில் ஒரு மனைக்காரர் வந்தார். வெள்ளைச் சட்டையும் கக்கத்தில் தோல்பையுமாக இருப்பார். பக்கத்துக் கொல்லைகளை எல்லாம் வாங்கி மனை போட்டுக்கொண்டிருந்தார். எங்களுடையதையும் கேட்டார். ரோட்டோரம் இருக்கும் பாகத்தை மட்டும் மனையாக்கலாம், பின்னால் இருப்பதைப் பயிர் வைத்துக்கொள்ளலாம் என்று அண்ணனும் தம்பியும் சேர்ந்து முடிவு செய்தார்கள். ஒரே பீடியை இரண்டு பேரும் மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டு பேசிய காலம் அது. டிராக்டர் வந்து நிலத்தைச் சமன் பண்ணியபோது நடுவில் இருந்த வரப்பையும் புங்க மரத்தையும் சேர்த்தே வழித்துப் போட்டது. "வரப்பு போனா இன்னா, அதான் கல்லு கீதே" என்று நைனா சிரித்தார். "கல்லு எதுக்குண்ணா, நீ கீற" என்று சின்னநைனாவும் சிரித்தார். அவர்கள் செய்த பெரிய தப்பு அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. வரப்பை யாரும் ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கல் அப்படியில்லை.

எருமையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்தது. புங்க மரம் இருந்தவரை அதில் கட்டிவிட்டுப் பாண்டி ஆடப் போய்விடுவேன். மரம் போன பிறகு கட்ட இடமில்லை. நைனா முன்னாலேயே சொல்லியிருந்தார், "கல்லுல மட்டும் கட்டிடாத, தோலை உரிச்சிடுவேன்" என்று. அதற்காகவே கட்டினேன் என்று சொல்ல மாட்டேன். வேறு இடமில்லை, கட்டினேன். அவ்வளவுதான்.

முந்தின நாள் கோடைமழை பெய்து மண் ஊறியிருந்தது. மனைக்காரரின் ஆட்கள் கடப்பாரை போட்டுக் கொல்லை முழுக்கக் குழி தோண்டி வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்கள். எல்லாம் ஒரே அளவுக் குழி, எல்லாவற்றிலும் ஊறி நின்ற மழைத்தண்ணீர். ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. எருமை மிரண்டு ஒரே இழுப்பில் கல்லைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. கல் சேற்றில் கோடு கிழித்துக்கொண்டு பின்னாலேயே போனது. நான் கயிற்றைப் பிடித்துத் தொங்கினேன். உள்ளங்கை எரிந்தது இன்றும் ஞாபகம் இருக்கிறது. எருமை தானாக நின்ற பிறகு முடிச்சை அவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். கல் இருந்த குழி எது, ஆட்கள் தோண்டிய குழி எது என்று தெரியவில்லை. எருமை மிதித்து எல்லாம் ஒரே சேறாகக் கிடந்தது. பக்கத்தில் இருந்த ஒரு குழியில் கல்லைப் புரட்டிப் புரட்டித் தள்ளினேன். அம்புக்குறி மேலே வந்தது. அதுவே பெரிய காரியம் என்று நினைத்தேன். சுற்றி மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டு, எருமையை ஓட்டிக்கொண்டு ஏரித் தண்ணீரில் இறக்கி அதையும் கழுவி என்னையும் கழுவிக்கொண்டேன்.

ஆறடி தள்ளிப்போயிருந்தது. எங்கள் பக்கம் ஆறடி உள்ளே.

எங்கள் பாகம் ரோட்டைத் தொடுவது கல்லை ஒட்டி ஆறடிதான்; மீதிக்கு முன்னால் அடுத்தவர் கொல்லை. அந்த ஆறடிதான் எங்கள் பாகத்திலிருந்து தார் ரோட்டுக்குப் போகிற வழி. வழியில்லாத நிலத்தை மனை போட முடியாது, வண்டி கொண்டுபோக முடியாது, ஏர்கூட வேறு ஒருவர் தயவில்தான் போக வேண்டும். ஆனி பிறந்ததும் மனைக்காரரின் ஆட்கள் சங்கிலி போட்டு அளக்க வந்தார்கள். கல்லிலிருந்து அளந்தார்கள். நைனா கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நடந்து அளந்தார். திரும்பவும் அளந்தார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்த பயத்தில், அறுபது வயதிலும் யாராவது நிலத்தை நடந்து அளந்தால் நான் வீட்டுக்குள் போய்விடுகிறேன்.

"கல்லு நகந்துகீது" என்றார்.

சின்னநைனா வந்து பார்த்தார். "ஆமா, நகந்த மாதிரிதான் கீது. யாரு பண்ணது?"

"யாருக்கு லாபமோ அவன்."

இரண்டு பேரும் அதற்குப் பிறகு ஒரே பீடியைப் பிடிக்கவில்லை. சர்வேயரைக் கூப்பிட்டு அளக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மனு கொடுத்து அவர் வர நாளாகும் என்றார்கள். மனைக்காரர் அவசரப்படுத்தினார். நைனாவுக்கோ அளவு முக்கியமில்லாமல் போய்விட்டது. தம்பி ஏமாற்றிவிட்டான் என்பதுதான் அவர் மனதில் இருந்தது. ஊரில் வழக்குத் தீர்க்கிற பெரியவரிடம் போனார். கிருத்திகை அன்று மலையடிவாரத்தில் தம்பியைக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு வந்தார்.

சத்தியம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். சத்தியம் செய்துவிட்டால் கேட்டவன் அதை ஒத்துக்கொள்ள வேண்டும், நிலம் சத்தியம் செய்தவனுடையது. ஆனால் அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் தண்ணீரும் கிடையாது நெருப்பும் கிடையாது. ஒரு வாய் மோர்கூட வாங்கிக் குடிக்கக்கூடாது. நல்லது கெட்டதில் வாசல்படி மிதிக்கக்கூடாது. இரண்டு பேரும் அதே இடத்தில் நின்று முறிக்கிறவரைக்கும்.

மறுநாள் காலையிலேயே சின்னநைனா வீட்டுக்கு ஓடினேன். சின்னம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். அவர் அப்போது ஐந்து மாதம். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துத் தரித்த பிள்ளை. மாங்காய்க் கீற்றில் உப்பு தொட்டு எனக்கும் ஒன்று கொடுத்தார். என்னால் தின்ன முடியவில்லை. சின்னநைனா பின்கட்டில் மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார்.

"சின்னநைனா, கல்ல நான்தான் புடுங்கனேன். எருமையக் கட்னேன். அது இஸ்துகினு பூட்ச்சி."

அவர் தீனிக் கூடையைக் கீழே வைத்தார். பிறகு என் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கயிறு உரசிய தழும்பு இன்னும் தெரிந்தது.

"யாருகிட்டனா சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. உங்க நைனா நம்ப மாட்டாரு. கொழந்தைக்குச் சொல்லிக்குடுத்து அனுப்பிக்கீறான்னு என் மேலதான் பாய்வாரு. உன்னயும் தோலை உரிப்பாரு." பிறகு அவரே சிரித்துக்கொண்டார். "நான் நகத்தல. நகத்தலன்னு சொல்றதுக்கு எனக்கு இன்னா பயம்? கோவம் ஆறனதும் ஆறு மாசத்துல முறிச்சிக்கலாம், போ."

எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியது. மாங்காயைத் தின்றேன். வரும்போது சின்னம்மா எங்கள் அம்மாவுக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தனுப்பினார். பித்தளைச் சொம்பு, இடுப்பில் ஒரு நசுங்கல், கழுத்தில் அவர் பிறந்த வீட்டுப் பெயர் வெட்டியிருக்கும். அவர் தாய்வீடு பள்ளிப்பட்டு. அங்கிருந்து வந்த சீரில் அவருக்கு மிகப் பிடித்தது அந்தச் சொம்புதான். அதில்தான் தண்ணீர் குடிப்பார்.

கிருத்திகைக்கு முந்தின நாள் சின்னம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதார். பெண்டாட்டி மாசமாக இருக்கும்போது புருஷன் மலையேறக்கூடாது, தேங்காய்கூட உடைக்கக்கூடாது. சத்தியம் செய்வதா? "புள்ள பொறக்கறவரைக்கும் பொறுங்க மாமா, அப்பறம் நூறு சத்தியம்னாலும் பண்ணட்டும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். எங்கள் அம்மாவும் அழுதார். நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மடியில கனம் இல்லன்னா இன்னாத்துக்கு பயம்?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரைப் பல வருடம் நான் மன்னிக்கவில்லை. அவரை மன்னிக்காமல் இருப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது.

கடைசியில் ஊர்ப் பெரியவர் ஒரு வழி சொன்னார். "மாசமா கீற பொண்ணு. மலை ஏற வேணாம். மொதல் படியிலயே வெச்சி முடிச்சிடலாம்."

காலை வெயில் அப்போதே சுட்டது. குளத்தில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு ஜனங்கள் படியேறிக்கொண்டிருந்தார்கள். மொட்டைத் தலைகளிலிருந்து சந்தன வாசனை வந்தது. ஒரு பூக்காரம்மா எங்களுக்காகக் கூடையை நகர்த்தி இடம் விட்டார். அம்மா வரவில்லை. நான் அழுது அடம்பிடித்து நைனாவோடு போயிருந்தேன். முதல் படியில் மஞ்சள் பூசி, வெற்றிலை வைத்து, அதன்மேல் கற்பூரத்தை ஏற்றினார் பெரியவர். சின்னநைனா ஈரவேட்டியோடு நின்றார். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். பயப்படாதே என்பதுபோல.

"கல்ல நான் நகத்தல" என்று பெரியவர் சொல்லச் சொன்னார்.

"கல்ல நான் நகத்தல."

"நகத்தச் சொல்லி யாருகிட்டயும் சொல்லல."

"யாருகிட்டயும் சொல்லல."

"போதும், அணைச்சிடு" என்றார் பெரியவர். சின்னநைனா கையை நீட்டினார்.

"இரு" என்றார் நைனா. "இன்னொண்ணு சொல்லணும். அவன் மச்சானுங்க வந்து பண்ணிட்டுப் போயிருந்தா? யாரு நகத்தினதுன்னு எனக்குத் தெரியாதுன்னு அதயும் சொல்லச் சொல்லு."

நீட்டிய கை அப்படியே நின்றது. நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். கற்பூரம் பாதி எரிந்து வெற்றிலை கருகிக்கொண்டிருந்தது. யாரோ "அரோகரா" என்று கத்திக்கொண்டு எங்களைத் தாண்டிப் படியேறினார்கள். நான்தான் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், இது சத்தியம். நைனாவின் கை என் தோளில் இருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"ஏன்டா முழிக்கிற? தெரியும்னா சொல்லு" என்றார் நைனா.

"தெரியாது" என்றார் சின்னநைனா. "யாரு நகத்தினதுன்னு எனக்குத் தெரியாது." உள்ளங்கையால் கற்பூரத்தை அடித்து அணைத்தார்.

கருகிய வாசனை வந்தது. வெற்றிலையா, தோலா, தெரியவில்லை. அவர் கையைத் துடைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் நடந்துபோனார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அடுப்படியில் அந்தப் பித்தளைச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டது. இனி எங்கள் வீட்டுக் கையால் அதைக் கொடுக்கவும் முடியாது, அவர்கள் வீட்டுக் கை வந்து வாங்கவும் முடியாது. அம்மா ஏணி வைத்து ஏறி அதைப் பரண்மேல் வைத்தார்.

அந்த வருடம் ஐப்பசியில் சின்னம்மாவுக்குப் பிள்ளை பிறந்தது. உயிரோடு பிறக்கவில்லை. அப்புறம் அவர்களுக்குப் பிள்ளையே இல்லை. இன்றைக்கு அதற்கு ஆயிரம் காரணம் சொல்வோம், ரத்த அழுத்தம், சர்க்கரை என்று. அன்றைக்கு ஊருக்கு ஒரே காரணம்தான் தெரிந்தது. குழாயடியில் சொன்னார்கள், மாவு மில்லில் சொன்னார்கள். "பொய்ச் சத்தியம். சாமி உடனே கேட்டுடுச்சி." நைனா மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். ஆனாலும் கல்லை நகர்த்தியது தம்பிதான் என்று அன்றிலிருந்து அவருக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது.

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். முதலில் அடிக்குப் பயந்தேன். பிள்ளை போன பிறகு வேறு பயம். நான்தான் நகர்த்தினேன், சின்னநைனாவிடம் முன்னாலேயே சொல்லியும் இருந்தேன் என்று சொன்னால், அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தை பொய் என்று நானே ஊருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகும். ஊர் முணுமுணுத்ததை நான் உறுதிப்படுத்தியதாகும். இப்படி வாயை மூடினவள் மூடினபடியே வளர்ந்தேன். கல்யாணமாகிப் பொதட்டூர்பேட்டை போனேன், தறிச் சத்தத்துக்கு நடுவில் பிள்ளைகளை வளர்த்தேன். என் வீட்டுக்காரருக்கு வேலை ஓய்ந்ததும் நைனா கொடுத்த மனையில் வீடு கட்டிக்கொண்டு திரும்பி வந்தோம். எங்கே போனாலும் நாக்கு மட்டும் அந்த முதல் படியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

பிள்ளை போனதற்கு அடுத்து வந்த தையிலேயே சின்னநைனா தன் பாகத்தை விற்றுவிட்டு மாமனார் ஊரான பள்ளிப்பட்டுக்குப் போய்விட்டார். ஆறடியை மட்டும் விற்கவில்லை. அதில் பயிரும் வைக்கவில்லை, வேலியும் போடவில்லை. என் வீட்டை ஒட்டி, தார் ரோட்டுக்குப் போக நீங்கள் எல்லோரும் பைக் ஓட்டிக்கொண்டு போகிறீர்களே ஒரு சந்து, கல்லக்கா காயப்போடுகிறீர்களே, அதுதான் அது. தனக்குச் சேரவே கூடாத நிலம் என்று அவருக்குத் தெரியும், அதனால் வழியாகவே விட்டுவிட்டார். நைனா ஐம்பது வருடமும் அந்தச் சந்தில் கால் வைக்கவில்லை. பஸ் பிடிப்பதற்குக்கூட தெற்கால் சுற்றிக்கொண்டு போவார். ஏன் இந்தப் பெரியவர் இப்படிச் சுற்றுகிறார் என்று நீங்கள் கிண்டல் பண்ணியதுண்டு. நானும் கூடச் சிரித்திருக்கிறேன்.

நைனாவிடம் கடைசியில் சொன்னேன். காது முழுக்க அடைத்துப்போன பிறகு. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கஞ்சி வேணாம்" என்றார். என் வீரம் அவ்வளவுதான்.

அன்றைக்குச் சவ வண்டி நம் தெருவுக்குள் திரும்ப முடியாது என்று ரோட்டிலேயே நின்றது. பாடையைச் சந்து வழியாகத் தூக்கிக்கொண்டு போனீர்கள். நைனா முதல் தடவையாக அந்த வழியில் போனார். சின்னநைனா செருப்பைக் கழற்றிவிட்டு, டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அண்ணா" என்று ஒரே ஒரு முறை சொன்னார். கூட்டம் போன பிறகும் வெயிலில் அப்படியே நின்றார். எண்பதைத் தாண்டிய உடம்பு.

நான் நைனா வீட்டுக்குள் போய் ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினேன். சொம்பு பச்சை பிடித்திருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தேன். வீட்டுத் தண்ணீரைத் தொடாமல், தெருக்குழாயில் போய்ப் பிடித்துக்கொண்டு அவரிடம் நடந்தேன். நீங்கள் சிலபேர் வாசலில் நின்று பார்த்தீர்கள்.

"வேணாம் பாப்பா" என்றார். "ஆவாது."

"சொம்பு யாருதுன்னு பாருங்க சின்னநைனா."

வாங்கித் திருப்பினார். கண் சரியாகத் தெரியவில்லை போல, கழுத்தில் இருந்த எழுத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"சொம்பு உங்க வூட்டுது. தண்ணி தெருக்கொழாயுது. நான் கட்டிக்கினு போனவ, என் கை வேற வூட்டுக் கை. எங்க நைனாவோடது இதுல ஒண்ணும் இல்ல."

"வக்கீலுக்குப் படிச்சியா நீ?" என்றார். பிறகு அண்ணாந்து, ஒரே மூச்சில் முழுவதையும் குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது. குடித்து முடித்ததும் சொம்பை மார்போடு வைத்துக்கொண்டார். "சாவற வரைக்கும் கேட்டுக்கினு இருந்தா உங்க சின்னம்மா. எஞ்சொம்பு, எஞ்சொம்புன்னு."

நான் அழுதேன். ஐம்பது வருடத்துக்கும் சேர்த்து, தெருவில் நின்று அழுதேன். நைனாவுக்காக அழுகிறேன் என்று நீங்கள் வந்து என்னைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"சின்னநைனா, நைனாவுக்குப் பதிலா நான் நின்னா முறிக்கலாமா?"

அவர் மலையைப் பார்த்தார். அந்தக் கிருத்திகைக்குப் பிறகு அவர் மலையேறியதே இல்லை. "முறிக்கணும்னா நடந்தத நடந்தபடி சத்தமா சொல்லணும். நான் பொய் சொன்னதயும் சேத்து. சொல்வியா?"

"உங்களுக்குக் கெட்ட பேரு வருமே."

"வந்தது போதாதா? இனிமே யாருக்கு வந்து இன்னா ஆவணும்? சொல்லு."

"ஆங், சொல்றேன்."

வருகிற ஆனிக் கிருத்திகை அன்று பள்ளிப்பட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சொம்போடு போனார். சத்தியம் செய்யும்போது சாட்சி வேண்டும், முறிக்கும்போதும் வேண்டும். அன்றைக்கு முதல் படியில் நின்றவர்களில் இன்று உயிரோடு இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். அதனால்தான் உங்களைக் கூப்பிடுகிறேன். மலையேற வேண்டாம், முட்டிவலி சாக்கு சொல்லாதீர்கள், முதல் படியோடு சரி. வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுங்கள். கற்பூரம் ஏற்றிய பிறகும் நான் வாயைத் திறக்காமல் நின்றால், பின்னால் நிற்பவர்கள் யாராவது என் முதுகில் ஒன்று வையுங்கள்.